பதினேழாவது பிழை

வெள்ளிவாயின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நிமிஷத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிமிஷம் என்பது பஸ் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று டைம் ஆபீஸில் உட்கார்ந்து முப்பது வருஷமாக எழுதுகிறவர். யாராவது ஐந்து மணி என்று சொன்னால் நாலு ஐம்பத்தேழு என்று திருத்துவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிவாய் என்பதும் பட்டப்பெயர்தான். ட்ரம்பெட்டின் வெள்ளி ஊதுவாயை உதட்டிலிருந்து எடுக்கவே மாட்டார் என்று ரசிகர்கள் வைத்தது. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய பத்தொன்பது இசைத்தட்டுகளும் நிமிஷத்தின் வீட்டில் தேதிவாரியாக அடுக்கி இருந்தன. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, தையல்கடை மாடியில் ரசிகர் மன்றம் கூடும். கடைக்காரரே செயலாளர். நடுவில் பதினாலு மாதம் வெள்ளிவாய் எங்கேயும் வாசிக்காமல் இருந்தாரே, அது தம்பி இறந்த துக்கத்தால்தான் என்று மன்ற மலரில் நிமிஷம் நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதற்குப் பிறகு மன்றத்தில் அதுவே வேதவாக்கு.

அவர் மனைவி பல் செட்டு செய்கிறவள். கடைத்தெருவில் டாக்டரம்மாவின் பல் ஆஸ்பத்திரி. முன்னறையில் பெஞ்சு, நடு அறையில் நாற்காலி, பின்னறையில் இவள். மெழுகு, அச்சு மாவு, அரம், ஒரு சின்ன விளக்கு, அலமாரி நிறைய யார் யாருடைய வாயோ. வருகிறவர்கள் செட்டக்கா என்று கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சிரிப்பது அவள் செய்த பல்லில்தான். யார் யார் என்பது அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எல்லா நோயாளிகளையும் அனுப்பிவிட்டு டாக்டரம்மா பின்னறைக்கு வந்தார். கூடவே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதர். கைக்குட்டையை எடுத்ததும் செட்டக்காவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் தினமும் பார்க்கிற முகம். மேல் வரிசையில் முன்பற்கள் ஆறும் இல்லை.

சர்க்கரை வியாதியும் புகையிலையும் சேர்ந்து ஈறைத் தின்றுவிட்டிருந்தன. டாக்டரம்மாவின் சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெள்ளிவாய் சொன்னது வேறு. முதல் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அடுத்த வாரம் மோட்டார் சைக்கிள். மூன்றாவது வாரம் வாய் நிறைய அச்சு மாவை வைத்துக்கொண்டே, ஒரு சந்தில் மூன்று ரவுடிகள் மறித்ததையும், ஒருவன் இரும்புக் கம்பியை ஓங்கியதையும், தான் ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகத்தைக் கொடுத்ததையும் கையாலேயே நடித்துக் காட்டினார். மாவு இறுகி எடுத்த பிறகு கடைசி வரியை வாயால் சொன்னார்.

"ட்ரம்பெட்டைக் காப்பாத்திட்டேன். பல்லைக் குடுத்துட்டேன்."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவப் போனார். செட்டக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அச்சை வாங்கிக்கொண்டாள்.

முதலில் செய்த செட்டு பார்க்க லட்சணமாக இருந்தது. முத்துக் கோத்த மாதிரி ஆறு பல். ஆனால் ட்ரம்பெட்டில் வைத்து ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. நாலாவது செட்டு வாசிக்கும்போதே கழன்று மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க," என்றார். "சொல்லு போனா போகட்டும்மா. எனக்கு சுரமே போச்சே."

செட்டக்கா அவருடைய பழைய போட்டோ கேட்டாள். அவர் ஓர் இசைத்தட்டின் உறையைக் கொண்டுவந்தார். அதில் பல் தெரியச் சிரிக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இடதுபக்க முன்பல் நேராக இல்லை. ஒருக்களித்துச் சாத்திய கதவு மாதிரி கொஞ்சம் உள்ளே திரும்பியிருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் இத்தனை வருஷம் காற்றுப் போயிருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று இவள் அதை அடைத்திருக்கிறாள். அதன்பிறகு ஏழு செட்டு ஆயிற்று. மெழுகில் பல்லை நகர்த்துவதும் அவர் ஊதுவதும் மறுபடி நகர்த்துவதுமாகப் பல வியாழக்கிழமைகள் போயின. பதினோராவது செட்டைப் போட்டுக்கொண்டு அவர் ஊதியபோது சத்தம் வந்தது. சின்ன அறை, அலமாரியில் இருந்த அச்செல்லாம் அதிர்ந்தன. நடு அறையில் சொத்தைப் பல்லுக்கு வாயைத் திறந்திருந்தவர் மூட மறந்துபோனார்.

போகும்போது வெள்ளிவாய் கைகூப்பிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இது இந்தச் சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்மா. பல்லு செட்டுன்னு தெரிஞ்சா கச்சேரிக்குக் கூப்பிட மாட்டாங்க. வீட்டுலகூடச் சொல்லிடாதீங்க."

சரி என்றாள். வீட்டுக்கு வந்து, கூடத்தில் அவருடைய இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனிடம், தண்ணி வந்துச்சா என்று மட்டும் கேட்டாள்.

படம் வெளியானதும் முதல் சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு நிமிஷம் இரண்டு சீட்டு வாங்கினார். சட்டைப்பையில் சின்ன நோட்டு, பேனா. விளக்கு அணைவதற்குள் முதல் பக்கத்தில் தேதி போட்டுவிட்டார்.

பத்து நிமிஷத்துக்குள் பேனா ஓட ஆரம்பித்தது. வெள்ளிவாய் சின்ன வயதில் பஸ்ஸில் ஏறி ஊரை விட்டுப் போகிறார். பக்கத்தில் பெருமூச்சு கேட்டது.

"முன்வாசல் வச்ச வண்டி," என்றார் நிமிஷம் அவள் காதில். "அது வந்தது இன்னும் ஒம்பது வருஷம் கழிச்சு."

"ம்."

"சீட்டு கிழிக்கிற மிஷினும் தப்பு."

படத்தில் தம்பியைப் பன்னிரண்டு வயதில் ஆற்றில் மூழ்கடித்தார்கள். நிஜத்தில் தம்பி ஐம்பத்தொரு வயது வரை மளிகைக்கடை வைத்திருந்தவர். முதல் கச்சேரியில் கதாநாயகன் ஆறாவது இசைத்தட்டின் பாட்டை வாசித்தான். நிமிஷம் இருட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். செட்டக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடித்த பையன் நன்றாகவே செய்திருந்தான். ஊதுவதற்கு முன்னால் நாக்கால் மேலுதட்டை ஒரு தடவை தடவிக்கொள்வதைக்கூட எங்கிருந்தோ பிடித்திருந்தான். ஆற்றங்கரையில் தம்பியின் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. அந்தத் தம்பி கடையில் அவளே ஒருமுறை சோப்பு வாங்கியிருக்கிறாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சந்து வந்தது. மழை. மூன்று ரவுடிகள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. செட்டக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதாநாயகன் ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகத்தைக் கொடுத்தான். அப்புறம் சேற்றில் உட்கார்ந்தபடி, வாயெல்லாம் ரத்தமாக, சொன்னான்.

"ட்ரம்பெட்டைக் காப்பாத்திட்டேன். பல்லைக் குடுத்துட்டேன்."

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. செட்டக்கா மட்டும் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். முன் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி, மனுஷியா இவள் என்பது போல் பார்த்தாள். மனுஷன் இதை எத்தனை பேரிடம் சொல்லி வைத்தாரோ, கடைசியில் படம் எடுக்கிறவன் காது வரைக்கும் போயிருக்கிறதே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொங்கியது. மாவு ஒட்டிய மோவாயோடு அவர் கையை ஆட்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சிரிக்கத்தான் தோணும்," என்றார் நிமிஷம் திருப்தியாக. "அவருக்கு ஒரு பல்லுகூடப் போனதில்ல."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நிமிஷம் நோட்டைப் பிரித்துக்கொண்டார். முப்பத்தொன்று.

"ரெண்டு சம்சாரத்தையும் சேர்த்துப் பிசைஞ்சு ஒரே ஆளா உருட்டி வச்சிருக்கான். மூத்தவங்க உசிரோட இருக்காங்க, தெரியுமா உனக்கு? என்ன நினைப்பாங்க?"

"அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருந்தாளே."

"நடிப்பை விடு. விஷயத்துக்கு வா."

"எனக்குப் படம் நல்லா இருந்துச்சுங்க."

நிமிஷம் நடைபாதையில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்துக்கொண்டு விலகிப் போனார்.

"எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாந்தான். ரெண்டரை மணி நேரம் போனதே தெரியல."

"ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் அவர். நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, நிமிஷம் ஒரு நீளத் தாளும் அளவுகோலும் எடுத்துவந்தார். படக் கம்பெனிக்கு மன்றத்தின் சார்பில் பிழைப் பட்டியல் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை வாசித்து எல்லாரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அவர் கையெழுத்து டைம் ஆபீஸ் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும். செட்டக்காவுடையது அச்சுக்குப் பேர் எழுதி ஒட்டிப் பழகிய கை. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பஸ், மிஷின், தம்பி, மளிகைக்கடை, ஆறாவது இசைத்தட்டு. பதினாறு வரை ஒரு தடங்கலும் இல்லை.

"பதினேழு. எழுதிக்கோ. அன்னார் எக்காலத்திலும் பல்லை இழந்தவர் அல்லர். பதினாலு மாதம் வாசிக்காமல் இருந்ததற்குக் காரணம் தம்பியின் மறைவே. இதற்கு மன்ற மலரில் வெளியான எனது கட்டுரையே சான்று."

பேனா நகரவில்லை.

"என்ன, வேகமாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. இதை விட்டுடுங்க."

"எதை விடறது? முக்கியமானதே இதுதான்."

"மத்த முப்பதும் எழுதித் தரேன். இதை மட்டும் நான் எழுத மாட்டேன்."

நிமிஷம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏன்னு சொல்லு."

"காரணம் கேக்காதீங்க."

"காரணம் இல்லாம எப்படி விடறது? சரியா தப்பா, ரெண்டுல ஒண்ணுதானே?"

"ஒருத்தர் என்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லாதீங்கன்னு கேட்டு, நான் சரின்னு சொல்லியிருந்தா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்ககிட்டயும்தான். ஆனா தெரிஞ்சே பொய்யை என் கையால எழுதவும் மாட்டேன். அவ்வளவுதான்."

நிமிஷம் முதலில் கோபப்படுவதா என்று யோசித்தவர் போல இருந்தார். பிறகு அவர் முகம் வேறு மாதிரி ஆயிற்று. லாக் புத்தகத்தில் ஒரு வண்டி போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒத்துப் பார்க்கும்போது அவருக்கு அந்த முகம்தான் வரும்.

"அந்த வருஷம் உனக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை லேட்டாகும்," என்றார் மெதுவாக.

அவள் பேனாவை மூடினாள்.

"தலையில மாவோட வருவ. அப்புறம் ஒரு பாட்டு முணுமுணுப்ப. எங்க கேட்டேன்னு கேட்டப்ப, ரேடியோன்னு சொன்ன." அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார். "அந்தப் பாட்டு பதினாலாவது தட்டுல ரெண்டாவது. தட்டு வெளிவந்தது அதுக்கப்புறம் நாலு மாசம் கழிச்சு. எனக்கு அப்பவே கணக்கு இடிச்சுது. ரேடியோவுல முன்கூட்டியே போட்டிருப்பான்னு விட்டுட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் செட்டக்கா.

"இல்ல. நீ ஒண்ணும் சொல்லல."

எழுந்து போய் இசைத்தட்டுகளுக்கு முன்னால் நின்றார். பதினாலாவதைப் பாதி உருவினார், திரும்ப உள்ளே தள்ளினார். வெள்ளிவாயின் வாசிப்பிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். துக்கத்தில் பழுத்த வாசிப்பு என்று கட்டுரையில் எழுதியிருந்தார். அந்த வரியைத் தையல்கடைக்காரர் மனப்பாடமாகச் சொல்வார்.

அப்புறம் கொடியில் கிடந்த துணியை எடுத்துவந்து, அவள் வேலையாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். எட்டுத் துணி மடித்த பிறகு கேட்டார்.

"பத்தொம்பது வருஷம். ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணும். நீங்க அந்தத் தட்டைப் போடறப்பல்லாம் தோணும்."

"பின்ன?"

"சொல்லியிருந்தா நீங்க மன்றத்துல சொல்லாம இருந்திருப்பீங்களா?"

நிமிஷம் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். "இருந்திருக்க மாட்டேன்," என்றார். அடுத்த துணியை எடுத்தார். அது தலையணை உறை. அதை நாலாய் மடித்து, பிரித்து, மறுபடி நாலாய் மடித்தார்.

படுக்கப் போகுமுன் தாளை எடுத்து, பதினேழு என்ற எண்ணை மட்டும் அளவுகோல் வைத்து அழகாக அடித்தார்.

வெள்ளிக்கிழமை டிப்போவில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வருவதே அபூர்வம். டாக்டரம்மாவைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"இவளை இன்னைக்கு மத்தியானம் அனுப்புறீங்களா?"

"பல்லு ஏதாவது வலிக்குதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லைங்க. சினிமாவுக்கு."

தியேட்டருக்குள் போய் உட்கார்ந்ததும் அவள் காதருகே குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இஷ்டம் இருந்தா சொல்லு. அந்தச் சந்துச் சண்டை இவங்களுக்கு எங்கேர்ந்து கிடைச்சிருக்கும்?"

செட்டக்கா கொஞ்சம் யோசித்தாள். சொன்னால் குற்றமில்லை என்று பட்டது. "அவரே எங்கயாவது சொல்லியிருப்பாரு. வாயைத் திறந்தா நல்லாக் கதை விடுவாருன்னு தோணுது, போட்டோவைப் பார்த்தா."

"போட்டோவைப் பார்த்தா," என்றார் நிமிஷம்.

"ஆமா."

அந்தத் தடவை அவர் நோட்டை எடுக்கவில்லை. திரையில் பஸ் வந்தபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆற்றங்கரைக் காட்சியில் அசையாமல் இருந்தார். சந்தும் மழையும் வந்தபோது முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, திரையில் இருக்கிறவன் அல்ல வெள்ளிவாயே எதிரில் உட்கார்ந்து அளப்பதைக் கேட்கிறவர் போல வாய் திறந்து பார்த்தார். அந்த வரி வந்தது. முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அதைப் பார்த்து இவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சத்தமில்லாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைநாள் மத்தியானக் காட்சி, கூட்டம் கம்மி.

"எவ்வளவு நல்லா புளுகியிருக்காரு," என்றார் நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. குரலில் பெருமையே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் பதினாறு பேர் வந்திருந்தார்கள். நிமிஷம் முப்பது பிழைகளையும் வாசித்தார். முடிந்ததும் தையல்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"பல்லு விஷயத்தை விட்டுட்டீங்களே. அதானே பெரிய அபாண்டம்."

"அதுக்கு ஆதாரம் பத்தல."

"என்னங்க இது. உங்க கட்டுரையே இருக்கே. நாலு பக்கம்."

"அந்தக் கட்டுரைக்கும் ஆதாரம் பத்தல. அடுத்த மலர்ல திருத்தம் போட்டுடறேன். பதினாலு மாதம் வாசிக்கவில்லை, காரணம் தெரியவில்லை. அப்படிப் போட்டாப் போதும்."

பதினாறு பேரும் அவரைப் பார்த்தார்கள். தெரியவில்லை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த மாடி முன்பு கேட்டதில்லை. யாரோ ஒருவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நிமிஷம் தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினார்.

"சரி, படம் எப்படி?" என்றார் தையல்கடைக்காரர். பிழை நிறைந்த படம் என்று கேள்விப்பட்டு அவர் பார்க்காமலே இருந்தார்.

"ரெண்டு தடவை பார்த்தேன்."

"பிழை கண்டுபிடிக்கவா?"

"மொத தடவை அதுக்கு. ரெண்டாவது தடவை சும்மா பார்க்க. போய்ப் பாருங்க. முப்பது தப்பு இருக்கு, நல்லா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை மன்றத்தினர் எல்லாரும் சேர்ந்து ஒரே வரிசையில் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். செட்டக்கா போகவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குத் திங்கட்கிழமை பேத்தி கல்யாணம், கீழ் வரிசை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னறையில் உட்கார்ந்து ஓரங்களை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு ஈறு மெல்லிசு, கொஞ்சம் பிசிறு இருந்தாலும் குத்தும்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நிமிஷம் வந்து சட்டை மாற்றிவிட்டிருந்தார்.

"தையல்கடைக்காரர் அழுதுட்டாரு," என்றார்.

"எந்த இடத்துல?"

"ஆத்துல தம்பி போற இடத்துல. தேம்பித் தேம்பி. அவருக்கு நல்லாத் தெரியும், தம்பி அப்படிச் சாகலைன்னு. அந்தக் கடையில இவருக்குப் பாக்கிகூட இருந்துச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கைக்குட்டை குடுத்தேன். நான் நினைச்சுப் பார்த்தேன், கேட்டுக்கோ. படத்துல வர்ற தம்பி வேற ஆளுன்னு வச்சுக்கிட்டா ஒரு சிக்கலும் இல்ல. அந்தப் பையன் பாவம், பன்னெண்டு வயசு."

"ஆமா, பாவந்தான்," என்றாள் செட்டக்கா. விரல் இடுக்கில் இருந்த வெள்ளைத் தூளைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டு இரண்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.